டெபியன் நிறுவல்: கர்னல் மாட்யூல்கள் கிடைக்கவில்லை என்னும் பிழை

கேள்வி:
வணக்கம். நெட்பூட் படிமத்தை (வலையமைப்பு வழியே நிறுவுவதற்கான சிறிய படிமம்) கொண்டு டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவுகையில், மிரரை (டெபியன் கோப்புகளின் நகலை வைத்திருக்கும் சர்வர்) தேர்ந்தெடுத்தவுடன் கர்னல் மாட்யூல்கள் (இயங்குதளத்தின் மையமான கர்னலுடன் தேவைக்கேற்ப இணையும் பகுதிகள்) எவையும் கிடைக்கவில்லை என்ற செய்தி வருகிறது. இணைய இணைப்பு சரியாகவே உள்ளது. படிமம் மட்டும் சற்றுப் பழையது. அப்படியே தொடரலாமா?

மறுமொழி 1:
தொடர வேண்டாம், நிறுவல் நிரல் வன்தட்டையே அடையாளம் காணாமல் போகலாம். நெட்பூட் படிமத்தில் கர்னலும் சிறிய இனிட்ஆர்டி கோப்பும் (தொடக்கத்தில் நினைவகத்தில் ஏற்றப்படும் தற்காலிகக் கோப்பு முறைமை) மட்டுமே இருப்பதால், மற்ற மாட்யூல்களை நிறுவல் நிரல் மிரரிலிருந்தே எடுக்கிறது. இடையில் வந்த திருத்த வெளியீட்டில் அங்குள்ள கர்னல் மாறியிருந்தால், பழைய படிமத்துக்குப் பொருந்தும் மாட்யூல்கள் பெரும்பாலும் அங்கே இருக்காது. ஆல்ட்+எஃப்2 அழுத்தி, 'யுநேம் -ஆர்' (uname -r) என்ற கட்டளையைக் கொடுத்து, அது காட்டும் கர்னல் பதிப்பை மிரரில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மறுமொழி 2:
பிஎக்ஸ்இ (வலையமைப்பிலிருந்தே கணினியைத் தொடங்கும் முறை) வழியே நிறுவுவோர் லினக்ஸ் (கர்னல் கோப்பு), இனிட்ஆர்டி ஆகிய இரு கோப்புகளையும் ஒரே வெளியீட்டிலிருந்து எடுத்து மாற்ற வேண்டும். நெட்இன்ஸ்ட் படிமம் (டெபியனின் மற்றொரு சிறிய நிறுவல் படிமம்) மாட்யூல்களைத் தன்னுள்ளேயே கொண்டிருப்பதால், நான் அதையே பரிந்துரைப்பேன்.