மாலையில் மட்டும் சர்வர் இழுப்பது ஏன்?

வணக்கம் நண்பர்களே. கடலூர் முதுநகரில் மீன் வியாபாரிகளுக்கான பில்லிங் மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறேன். அது மும்பையில் உள்ள ஒரு கிளவுட் சர்வரில் ஓடுகிறது. விடிகாலை ஏலத்தின்போதுதான் எங்களுக்குச் சுமை அதிகம். அப்போது பில் சட்டென்று வந்துவிடுகிறது. இரவு 7 மணிக்கு மேல் நாலைந்து பேர் கணக்கு முடிக்கும்போதுதான் இழுக்கிறது. பாவம், நாள் முழுக்க உழைத்தவர்கள் காத்திருக்கிறார்கள்.

அந்த நேரத்தில், சர்வரின் சுமையைக் காட்டும் டாப் கட்டளையில் ஸ்டீல் டைம் (சிபியு கிடைக்காமல் சர்வர் காத்திருக்கும் நேரம்) ஏறுகிறது, ஐஓ வெயிட் (டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் நேரம்) அப்படியே இருக்கிறது. அதனால் டிஸ்க் மேல் சந்தேகமில்லை. எங்கள் சர்வர் ஓடும் அதே இயந்திரத்தைப் பகிர்ந்துகொள்ளும் கிளவுட் நிறுவனத்தின் மற்ற வாடிக்கையாளர்களின் சுமைதான் காரணம் என்று தோன்றுகிறது. ஆனால் எங்கள் சர்வர் பர்ஸ்டபிள் வகை, அதாவது சும்மா இருக்கும்போது சிபியு கிரெடிட் சேர்த்து, சுமை ஏறும்போது அதைச் செலவழிப்பது. சிபியு கிரெடிட் தீர்ந்தாலும் ஸ்டீல் ஏறுமே! இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? சர்வரை நிறுத்தித் திரும்ப ஓடவிட்டால் வேறு இயந்திரத்துக்கு மாறுமா? டெடிகேட்டட் சிபியுவுக்கு (நமக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டது) வாடகை கூடுதல், அதனால்தான் யோசிக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.