பச்சை பிடித்த நீச்சல் குளமும் 14,600 ரூபாய்ப் பட்டியலும்: எதை வாங்குவது, எதை விடுவது?

சவுக்குத்தோப்பு:
மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலிலிருந்து அரைக் கிலோமீட்டர் உள்ளே என் மாமாவின் தோப்பு வீடு இருக்கிறது. வார இறுதிகளில் வாடகைக்கு விடுகிறோம். அங்குள்ள நீச்சல் குளம் பிப்ரவரியிலிருந்து என் பொறுப்பு. 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஆழம் 1 மீட்டரில் தொடங்கி 1.5 வரை. மணல் ஃபில்டர், பம்ப் தினமும் ஆறு மணி நேரம் ஓடுகிறது.

மூன்று வாரமாகத் தண்ணீர் கலங்கலாகவே இருக்கிறது. போன வாரம் படிக்கட்டு ஓரத்தில் பச்சை வழுக்கல் வந்தது. இப்போது ஆழமான பக்கத்தில் தரையே தெரியவில்லை. குளித்தவர்கள் கண் எரிகிறது என்கிறார்கள். டைல்ஸ் இடுக்குப் பூச்சை விரலால் தேய்த்தால் மணல் மணலாக உதிர்கிறது. குளோரின் குறைவென்றும் சொல்ல முடியாது, வாடை மூக்கைத் துளைக்கிறது. மஞ்சள் நிறம் காட்டும் சொட்டு மருந்தில் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் 3 பங்கு) வருகிறது. பி.எச். (அமில, கார அளவு) 6.8, அதற்குக் கீழே அட்டையில் நிறமே இல்லை. காரத்தன்மை 40.

கடைக்காரரிடம் சொன்னேன். பாசிக்கொல்லி, தெளிவூட்டி, பாஸ்பேட் நீக்கி, ஷாக் பவுடர், பி.எச். ஏற்றி, காரத்தன்மை ஏற்றி என்று ஆறு டப்பாக்களை எழுதிக் கொடுத்தார். மொத்தம் 14,600 ரூபாய். மாமா கொடுக்கத் தயார். மே மாதமும் இதே மாதிரி ஒரு பை வாங்கியதால் எனக்குத்தான் மனம் வரவில்லை.

கிணற்றடி:
இவ்வளவு செலவு எதற்கு? நாட்டு மருந்துக் கடையில் மயில்துத்தம் கால் கிலோ வாங்கிக் கரைத்து ஊற்றுங்கள், பாசி செத்துவிடும். மறுநாள் படிகாரம் போட்டால் கலங்கல் அடியில் படிந்துவிடும். எங்கள் தொட்டியில் இருபது வருடமாக இதுதான்.

பழைய பம்ப்:
கிணற்றடி அண்ணா, தோட்டத்துக்குப் பாய்ச்சும் தொட்டிக்கு அது சரி. மயில்துத்தம் பாசியைக் கொல்லும், மறுக்கவில்லை. ஆனால் அதிலுள்ள செம்பு தண்ணீரிலேயே தங்கும். பூச்சில் கறை பிடிக்கும், வெளுத்த முடிக்குப் பச்சைச் சாயம் ஏற்றும். படிகாரம் பி.எச்.சையும் காரத்தன்மையையும் இன்னும் இறக்கும். 6.8இல் நிற்கும் தண்ணீருக்கு அது வேண்டவே வேண்டாம்.

தோப்புக்காரரே, குளோரினை எந்த வடிவத்தில் போடுகிறீர்கள்? பவுடரா, திரவமா, வில்லையா? நிலைப்படுத்தி, அதாவது சயனூரிக் அமிலம், எவ்வளவு என்று பார்த்தீர்களா?

சவுக்குத்தோப்பு:
மிதவைக் கூண்டில் 200 கிராம் வில்லை, வாரத்துக்கு மூன்று. வாளியின் மேல் டிரைகுளோர் 90 சதவீதம் என்று போட்டிருக்கிறது. சயனூரிக் அமிலத்தை யாரும் அளந்ததில்லை. பட்டியலிலும் அது இல்லை.

பழைய பம்ப்:
பட்டியலில் இருக்காது, அது விற்கிற சரக்கு அல்லவே.

கணக்கைப் பாருங்கள். உங்கள் குளத்தின் சராசரி ஆழம் 1.25 மீட்டர், ஆக 40,000 லிட்டர். ஒரு வில்லை கரைந்தால் குளோரின் வேலை செய்து தீர்ந்துபோகும். ஆனால் கூடவே வந்த சயனூரிக் அமிலம் ஏறத்தாழ 110 கிராம் அப்படியே கிடக்கும். உங்கள் குளத்தில் அது 2.7 பிபிஎம். பிப்ரவரியிலிருந்து 22 வாரம், 66 வில்லை: 180 பிபிஎம்முக்குப் பக்கத்தில் வருகிறது. பேக்வாஷிலும் (ஃபில்டரைப் பின்னோக்கிக் கழுவுவது) குளிப்பவர்கள் வாரியடித்ததிலும் கொஞ்சம் போயிருக்கும். வெயிலில் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான்; அமிலம் பின்தங்கிவிடும்.

அந்த அமிலம் கெட்டதல்ல. 30 முதல் 50 வரை இருந்தால் வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும் குடை. அளவு மீறினால் குடையே சிறை. குளோரின் தண்ணீரில்தான் இருக்கும், பாசியைத் தொடாது. நாங்கள் வைத்துக்கொள்ளும் கணக்கு: சயனூரிக் அமிலத்தில் 7.5 சதவீதமாவது குளோரின் வேண்டும். 140 இருந்தால் 10 பிபிஎம்முக்கு மேல். உங்களிடம் இருப்பது 3. அந்த மஞ்சள் சொட்டோ வேர்வையிலும் சிறுநீரிலும் சிக்கிச் செயலிழந்த குளோரினையும் சேர்த்தே காட்டும். மூக்கைத் துளைப்பதும் அந்தச் செயலிழந்த குளோரின்தான்.

பி.எச். இறங்கியதும் காரத்தன்மை கரைந்ததும் பூச்சு உதிர்வதும் அதே வில்லையின் வேலை. டிரைகுளோர் அமிலத்தன்மை உடையது.

முதலில் அளந்து பாருங்கள். அடியில் கறுப்புப் புள்ளி உள்ள குழாய் கிடைக்கும். குளத்துத் தண்ணீரை மருந்தோடு கலக்கினால் பால்போலத் திரியும். அதைக் குழாயில் மெல்ல ஊற்றி, மேலிருந்து பார்க்கும்போது எந்தக் கோட்டில் புள்ளி மறைகிறதோ அதுதான் அளவு. 100க்கு மேல் போனால் குழாய் ஏமாற்றும். சம அளவு குடிநீர் கலந்து சோதித்து, வந்ததை இரண்டால் பெருக்குங்கள்.

சவுக்குத்தோப்பு:
இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். நேராகச் சோதித்தபோது 100 கோடு வருமுன்பே புள்ளி காணாமல் போனது. பாதிக்குப் பாதி குடிநீர் கலந்தபோது 70. ஆக 140.

இதைக் குறைக்க மருந்து உண்டா?

பழைய பம்ப்:
தண்ணீரை மாற்றுவதுதான் மருந்து. முக்கால் பங்கை இறக்கி நிரப்பினால் 140 என்பது 35 ஆகிவிடும்.

உப்புக்காற்று:
ஒரு நிமிடம். கடலோர மணல் பூமி இது. நிலத்தடி நீர் மேலே நிற்கும்போது குளத்தைக் காலி செய்தால் கீழிருந்து வரும் அழுத்தம் தரையைப் பிளந்துவிடும், சில நேரம் குளத்தையே தூக்கிவிடும். கார்த்திகை மழையில் ஒரு வீட்டில் தரை விரிந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். பாதி பாதியாக இரண்டு முறை மாற்றினாலும் 35தான் வரும். பத்தாயிரம் லிட்டர் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான்.

பழைய பம்ப்:
நல்ல வேளை சொன்னீர்கள். தோப்பில் கிணறு இருந்தால் கயிறு விட்டுப் பாருங்கள். குளத்தின் அடித்தளத்துக்கு நன்றாகக் கீழே தண்ணீர் நின்றால் ஒரே முறையாக முக்கால் பங்கை இறக்கலாம். இல்லாவிட்டால் உப்புக்காற்று சொன்னபடி.

சவுக்குத்தோப்பு:
கிணற்றில் 14 அடியில் தண்ணீர். குளத்தின் ஆழம் 5 அடி. முக்கால் பங்கு என்று முடிவு செய்துவிட்டேன். மூன்று நாள் வில்லை போடாமல் விட்டு, குளோரின் இறங்கியதும் சவுக்கு வரிசைக்குத் திருப்பிவிடுகிறேன். எங்கள் போர் தண்ணீர் கரிக்கும், கடினத்தன்மை 550. இரண்டு லாரித் தண்ணீர், 24,000 லிட்டர். மீதி 6,000 மட்டும் போரிலிருந்து. சரியா?

பழைய பம்ப்:
சரி. புதுத் தண்ணீரே காரத்தன்மையைத் தூக்கிவிடும், எனவே அந்த இரண்டு ஏற்றிகளையும் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். பின்னால் எப்போதாவது தேவைப்பட்டால், காரத்தன்மை ஏற்றி என்று விற்பது சமையல் சோடாதான். உங்கள் குளத்தில் 10 பிபிஎம் ஏற 670 கிராம்.

நிரப்பியதும் முதலில் பி.எச்.சை 7.2 முதல் 7.4க்குள் கொண்டுவாருங்கள். குளோரின் 10ஐத் தாண்டினால் பி.எச். சொட்டு பொய் சொல்லும், அதனால்தான் இந்த வரிசை. பிறகு 10 சதவீத சோடியம் ஹைப்போ, அதாவது திரவக் குளோரின். 400 மில்லி ஊற்றினால் உங்கள் குளத்தில் 1 பிபிஎம் ஏறும். சயனூரிக் அமிலம் 35 என்றால் பாசி ஒழியும்வரை 14 பிபிஎம்மில் நிறுத்த வேண்டும். முதல் வீச்சு ஐந்தரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. காலையும் மாலையும் அளந்து, குறைந்ததை நிரப்புங்கள். பம்பை இரவு பகலாக ஓட்டி, சுவரைப் பிரஷ்ஷால் தேய்த்து, ஃபில்டர் அழுத்தம் கால் பங்கு ஏறும்போதெல்லாம் பேக்வாஷ் செய்யுங்கள். அதுவரை யாரையும் இறங்க விடாதீர்கள்.

ஒரே ஒரு பொருள் வாங்குங்கள்: துளி எண்ணும் குளோரின் சோதனைப் பெட்டி. மஞ்சள் சொட்டை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது.

கிணற்றடி:
பாஸ்பேட் நீக்கியும் வேண்டாமா? பாசிக்கு அதுதானே உணவு?

பழைய பம்ப்:
உணவுதான். ஆனால் குளோரின் சரியாக நின்றால் உண்ண ஆள் இருக்காது.

சவுக்குத்தோப்பு:
பதினொரு நாள் கழித்து.

நிரப்பியபின் சயனூரிக் அமிலம் 35க்கும் 40க்கும் நடுவே வந்தது. பி.எச். 7.8 காட்டியதால் அமிலம் கொஞ்சம் ஊற்றி 7.3க்கு இறக்கினேன். முதல் இரண்டு நாள் ஹைப்போ போன இடம் தெரியவில்லை. காலையில் 14, மாலையில் 5. மூன்றாம் நாள் பச்சை போய்ச் சாம்பல் நிறமானது. செத்த பாசி ஃபில்டரில் அடைத்து மூன்று முறை பேக்வாஷ். ஐந்தாம் நாள் ஆழமான பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைப் போட்டுப் பார்த்தேன், தலையா பூவா என்று மேலிருந்தே தெரிந்தது.

அன்று இருட்டியபின் புதுச் சோதனைப் பெட்டியில் இளஞ்சிவப்பு நிறம் மறைய 28 துளி. விடியுமுன் எழுந்து மறுபடி எண்ணினேன், 27. ஒரு துளிக்கு அரை பிபிஎம்.

பழைய பம்ப்:
இரவில் 1 பிபிஎம்முக்குள் இழப்பு, தண்ணீரும் தெளிவு. பாசி முடிந்தது. 4க்கு இறங்கியதும் ஆட்களை விடலாம். இனி அந்தி சாய்ந்ததும் ஒரு லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் ஹைப்போ, சோதனையைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள்.

சவுக்குத்தோப்பு:
லாரி, ஹைப்போ, சோதனைப் பெட்டி எல்லாம் சேர்த்து அந்தப் பட்டியலில் பாதிகூட ஆகவில்லை. அரை வாளி வில்லை மிச்சம் இருக்கிறதே, எறிந்துவிடவா?

பழைய பம்ப்:
வேண்டாம். ஊருக்குப் போகும் வாரத்தில் ஒன்றிரண்டு போட்டுவிட்டுப் போகலாம். பிளீச்சிங் பவுடரோடு மட்டும் ஒரே கூண்டில் போடாதீர்கள், தீப்பிடிக்கும். ஹைப்போவை மாதத்துக்கு ஒரு கேன் மட்டும் வாங்குங்கள். நம் வெயிலில் வீரியம் இறங்கிவிடும். அமிலக் கேனை அதன் பக்கத்தில் வைக்கவே கூடாது, இரண்டும் கலந்தால் கிளம்புவது விஷவாயு. பம்ப் அறை ஒன்றுதான் என்றால் அமிலம் வெளியே, பூட்டிய பெட்டியில் இருக்கட்டும்.