எச்ஓஏ (வீட்டு உரிமையாளர் சங்க) இணையதளத்தில் குடியிருப்பவர்கள் எழுத இடம் கொடுக்கலாமா? வழக்கு வந்தால் யார் பொறுப்பு?

தாம்பா மணி:
ஃபுளோரிடாவில் 100 மனைகளோ அதற்கு மேலோ உள்ள எச்ஓஏக்கள் 2025 ஜனவரி 1-க்குள் இணையதளமோ ஆப்போ வைத்தாக வேண்டும் என்று சட்டம் வந்தது. நாங்களும் வைத்துவிட்டோம். விதிமுறைகள், பட்ஜெட், கூட்ட அறிவிப்பு எல்லாம் லாகினுக்குள் இருக்கின்றன. குடியிருப்பவர்களும் எழுத ஒரு பக்கம் திறக்கலாம் என்று போர்டில் சொன்னேன். யாராவது யாரையாவது திட்டி எழுதினால் வழக்கு நம் தலையில் விழும் என்று சிலர் மறுக்கிறார்கள். இது வீண் பயம். 1996-இல் வந்த ஃபெடரல் சட்டத்தின் 230-ஆம் பிரிவு, அடுத்தவர் எழுதியதற்குத் தளம் நடத்துபவரைப் பதிப்பாளராகக் கருதக் கூடாது என்கிறது.

ஒர்லாண்டோ ரேவதி:
மணி சார், 230 வழக்கில் ஜெயிக்க உதவும். வழக்கே வராமல் தடுக்காது. தள்ளுபடி செய்யச் சொல்லி மனு போடவே லாயருக்குப் பணம் கட்டணும், அது எல்லோரும் சங்கத்துக்குக் கட்டும் டியூஸிலிருந்துதான் போகும்.

அமெரிக்க வர்ஜின் தீவுகளில் கௌபெட் பே வெஸ்ட் குடியிருப்பில் நடந்ததைப் பாருங்கள். மன ஆறுதலுக்காக நாய் வைத்திருந்த இரண்டு பெண்களை, அங்கேயே வீடு வைத்திருந்தவர்கள் வலைப்பதிவில் பெயர் போட்டுக் கேலி செய்தார்கள். அந்தப் பெண்கள் வழக்குப் போட்டபோது சங்கத்தையும் சேர்த்தார்கள். 2017-இல் மூன்றாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், குடியிருப்பில் பாகுபாட்டைத் தடுக்கும் ஃபேர் ஹவுசிங் சட்டப்படி ஒரே ஒரு செயல்கூட இடையூறாகலாம் என்று சொல்லி வழக்கைக் கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது. 2016-இல் ஹட் (ஃபெடரல் வீட்டுவசதித் துறை) சேர்த்த விதியும் இருக்கிறது. இனம், மதம், ஊனம் காரணமாக ஒருவர் துன்புறுத்தப்படுவது தெரிந்து, தடுக்கும் அதிகாரமும் இருந்து, சும்மா இருந்தால் சங்கமும் பொறுப்பு. பக்கத்தைத் திறந்தால் "எங்களுக்குத் தெரியாது" என்று போர்டு எப்படிச் சொல்லும்?

தாம்பா மணி:
கௌபெட் வழக்கில் அந்தப் பதிவுகள் சங்கத்தின் தளத்தில் வரவில்லையே. நாம் மூடினால் அதே ஆட்கள் ஃபேஸ்புக்குக்கும் அக்கம்பக்கத்தார் பேசும் நெக்ஸ்ட்டோர் ஆப்புக்கும் போவார்கள். அங்கே நம்மால் ஒரு வரியைக்கூட நீக்க முடியாது. நம் தளத்தில் இருந்தால் உடனே எடுத்துவிடலாம்.

230 வந்த கதையே இதுதான். பதிவுகளைச் சரிபார்த்து நீக்கியதாலேயே பிராடிஜி என்ற ஆன்லைன் சேவை நிறுவனம் பதிப்பாளர் ஆகிவிட்டது என்று 1995-இல் நியூயார்க் நீதிமன்றம் சொன்னது. அதை மாற்றத்தான் அடுத்த ஆண்டே காங்கிரஸ் சட்டம் போட்டது, நல்லெண்ணத்தோடு நீக்குபவருக்கும் பாதுகாப்பு கொடுத்தது. நமக்குக் கையில் கருவி இருக்கிறது. அதைப் பயன்படுத்தத் தயங்குவானேன்?

ஜாக்சன்வில் குமரன்:
நான் மேனேஜ்மென்ட் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். இருவரும் குடியிருப்பவர்கள் எழுதுவதையே பார்க்கிறீர்கள். எனக்குக் கவலை தருவது போர்டு தானே எழுதுவது. அதற்கு 230 பாதுகாப்பு கிடையாது.

டியூஸ் கட்டாதவர்கள் பெயர்ப் பட்டியலைத் தளத்தில் போடலாமா என்று கேட்காத போர்டே இல்லை. ஃபுளோரிடாவின் கடன் வசூல் சட்டம், 559.72, வசூலுக்காக அப்படிப் பெயர்ப் பட்டியல் வெளியிடுவதையே தடுக்கிறது. வசூல் ஏஜென்சிக்கு மட்டுமான தடை இல்லை அது. அப்புறம், ஆவணங்களை ஏற்றுமுன் வீட்டுக்காரர்களின் தனிப்பட்ட விவரங்களை மறைக்க வேண்டும். தெரிந்தே அலட்சியமாக விட்டால் சங்கம் தப்ப முடியாது.

படங்களிலும் கவனம் வேண்டும். குடியிருப்பவர் அடுத்தவர் படத்தைப் போட்டால், காப்பிரைட் அலுவலகத்தில் புகார் வாங்கும் ஏஜென்டைப் பதிவு செய்திருந்து, புகார் வந்ததும் எடுத்துவிட்டால் பாதுகாப்பு கிடைக்கும். 6 டாலர்தான், மூன்று ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கணும். ஆனால் செய்திமடலுக்கு போர்டே கூகுளில் படம் எடுத்துப் போட்டால் அது உதவாது.

ஒர்லாண்டோ ரேவதி:
குமரன் சொன்னது என் பக்கத்துக்குத்தான் பலம். பக்கத்தைத் திறந்தால் போர்டு உறுப்பினர் பதில் எழுதாமல் இருப்பாரா? கூரை வேலையில் தகராறு வரும், யாராவது கேள்வி கேட்பார்கள், அவர் கோபத்தில் "அந்தக் கான்ட்ராக்டர் திருடன்" என்று எழுதிவிடுவார். அது சங்கத்தின் வார்த்தையாகவே பார்க்கப்படும். 1997-இன் தன்னார்வலர் பாதுகாப்புச் சட்டம் அந்த மனிதரை ஓரளவு காக்கலாம், சங்கத்தைக் காக்காது. வேண்டுமென்றே எழுதினார் என்று ஆனால் அவரையும் காக்காது.

தாம்பா மணி:
சரி, இதை ஏற்கிறேன். போர்டு உறுப்பினர்கள் அந்தப் பக்கத்தில் எழுதக் கூடாது, பதில் சொல்ல வேண்டியது கூட்டத்தில்தான் என்று தீர்மானமே போடலாம். புகார் வந்தால் யார் பார்ப்பது, எத்தனை நாளில் நீக்குவது என்பதையும் எழுதி வைத்துவிடலாம். ஆனாலும் பக்கம் வேண்டும். தண்ணீர் நிற்கிறது, தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்ல வருடாந்திரக் கூட்டம்வரை ஒருவர் ஏன் காத்திருக்க வேண்டும்?

ஒர்லாண்டோ ரேவதி:
தெருவிளக்குப் புகாருக்கு ஒரு படிவம் போதும் சார். அது மேனேஜருக்கு மட்டும் போகும், ஊருக்கே தெரிய வேண்டியதில்லை. பக்கம் திறப்பதற்கு முன் இன்சூரன்ஸ் ஏஜென்டிடம் கேளுங்கள்: அவதூறு வழக்கு வந்தால் பொதுப் பொறுப்பு பாலிசி ஏற்குமா, போர்டு உறுப்பினர்களுக்கான டி அண்ட் ஓ பாலிசியில் அதற்கு விலக்கு இருக்கிறதா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். எங்கள் போர்டில் இது வந்தால், அந்தக் கடிதம் கையில் இல்லாமல் என் ஓட்டு "வேண்டாம்" தான்.