ஆட்டோகிராஸ்: நாவிஸ் (புதியவர்) வகுப்பிலேயே சீசனை முடிப்பதா, இப்போதே மேலே போவதா?

வெள்ளை_மியாட்டா:
மிச்சிகனில் இருக்கிறேன். மே மாதம்தான் ஆட்டோகிராஸ் (கூம்புகள் வைத்த பாதையில் நேரம் பார்த்துக் கார் ஓட்டும் போட்டி) ஓட ஆரம்பித்தேன். நான்கு போட்டியில் மூன்று முறை நாவிஸ் வகுப்பில் முதலிடம். போன முறை ஒரு கூம்பை இடித்து 2 விநாடி அபராதம் சேர்ந்தும் ஜெயித்தேன். ஆனால் மொத்தப் பட்டியலில் 84 பேரில் 41-வது. எங்கள் கிளப்பில் முதல் சீசன் முழுக்க நாவிஸாக ஓடலாம், விரும்பினால் நடுவிலேயே, பெரிதாக மாற்றம் செய்யாத கார்களில் அனுபவசாலிகள் ஓடும் ஸ்ட்ரீட் வகுப்புக்கு மாறலாம். என்ன செய்யலாம்?

பழைய_சிவிக்:
சீசன் முடியும்வரை அங்கேயே இரு தம்பி. நாவிஸ் வகுப்பில் பயிற்சியாளர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிறார், போட்டிக்கு முன் பாதையை நடந்து பார்க்கும் கோர்ஸ் வாக்கில் கூடவே நடக்கிறார். மாறிவிட்டால் இதையெல்லாம் நீயே தேடிப் போய்க் கேட்க வேண்டும். அனுபவசாலிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் பேக்ஸ் கணக்கு இருக்கிறதே. காரின் வகுப்புக்குரிய எண்ணால் உன் நேரத்தைப் பெருக்குகிறார்கள். எண் 0.8 என்றால் 50 விநாடி 40 ஆகிவிடும். வகுப்பு மாறாமலே நீ எங்கே நிற்கிறாய் என்று தெரியும்.

நான் இரண்டாவது மாதமே மாறினேன். எட்டுப் போட்டியில் ஏழில் கடைசி. அடுத்த வருடம் பாதி சீசன் அந்தப் பக்கமே போகவில்லை. என்னோடு ஆரம்பித்த இரண்டு பேர் திரும்பி வரவே இல்லை.

மூன்றாம்_கியர்:
அந்த வருத்தம் எனக்கும் தெரியும் அண்ணா. ஆனால் பேக்ஸ் விஷயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன். காலையில் தார் குளிர்ந்து கிடக்கும்போது ஓடும் குழுவுக்கும், மதியம் ஓடும் குழுவுக்கும் டயர் பிடிப்பே வேறு. ஒரே வகுப்பு, ஒரே குழு, அடுத்தடுத்த ரன் என்றால்தான் உண்மை தெரியும்.

எனக்குத் தெரிந்தது அப்படித்தான். வகுப்பு மாறிய முதல் நாளே அங்கே பழக்கமான ஒரு மூத்த ஓட்டுநரை என் காரையே ஓட்டச் சொன்னேன். அதே டயர், டயரில் அதே காற்று. நான் 47.9 விநாடி, அவர் 45.6. அதுவரை டயர்தான் குறை என்று நம்பிக்கொண்டிருந்தேன். கூம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் ஸ்லாலமில் நான் கூம்பைத் தாண்டிய பிறகு ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். அவரோ கூம்பு வரும் முன்பே திருப்பி, அடுத்த கூம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாவிஸில் நான் ஜெயித்துக்கொண்டிருந்தவரை இதை யாரும் சொல்லவில்லை. கூம்பை இடித்தும் ஜெயிக்க முடிகிறது என்றால் அந்த வகுப்பில் தம்பிக்கு இனி யார் போட்டி?

பழைய_சிவிக்:
அந்தப் பாடம் காரைப் பகிர்ந்ததால் வந்ததும்மா. நாவிஸாக இருந்துகொண்டே அதைச் செய்யலாம். செலவையும் யோசிக்க வேண்டும். ஸ்ட்ரீட் வகுப்பில் முன்னால் இருப்பவர்கள் நன்றாகப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் தேயும் 200 ட்ரெட்வேர் டயரில் வருகிறார்கள். தம்பி அதற்கு எங்கே போவான்?

ஈரத்தார்:
டயர் இருக்கட்டும். அவசரப்பட்டு ஸ்பிரிங் மாற்றிவிடாதே தம்பி. எஸ்சிசிஏ (அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப்) விதிப்படி ஸ்ட்ரீட் பிரிவில் ஷாக் மாற்றலாம், ஸ்பிரிங் கம்பெனி கொடுத்ததாகவே இருக்க வேண்டும். மாற்றினால் இன்னும் கடுமையான பிரிவுக்குத் தள்ளப்படுவாய்.

மூன்றாம்_கியர்:
சரியாகச் சொன்னீர்கள். இருக்கிற டயரிலேயே இந்த சீசனை ஓட்டட்டும். வகுப்பு மாறியதில் எனக்குக் கிடைத்தது கிரிட்டில், அதாவது ரன்னுக்குக் காத்திருக்கும் வரிசையில், நிற்கும் நேரம்தான். பக்கத்தில் அதே கார் வைத்திருப்பவர், எந்த இடத்தில் பிரேக் பிடித்தார், பின் டயரில் எவ்வளவு காற்று என்று அடுத்த ரன்னுக்கு முன்பே சொல்லிவிடுவார். நெப்ராஸ்காவின் லிங்கனில் நடக்கும் சோலோ நேஷனல்ஸ் என்ற தேசியப் போட்டியில் ஒரு கோர்ஸுக்கு மூன்றே ரன். என்றாவது அங்கே போக ஆசை இருந்தால் முதல் ரன்னிலேயே வேகமாக ஓடப் பழக வேண்டும். இரண்டு விநாடி முன்னால் இருப்பவரோடு போட்டி போடாமல் அந்தப் பழக்கம் வராது.

பழைய_சிவிக்:
அந்த இரண்டு விநாடியைப் பார்த்துத்தான் பலர் விட்டுவிட்டுப் போகிறார்கள். ஆள் நிலைத்து நிற்பதுதான் எனக்கு முக்கியம்.

வெள்ளை_மியாட்டா:
ஞாயிற்றுக்கிழமை போட்டிக்கு ஸ்ட்ரீட் வகுப்பில் பதிவு செய்துவிட்டேன். இப்போதுள்ள ஆல்-சீசன் டயர்தான். கடைசியாக வந்தாலும் சீசன் முடியும்வரை எல்லாப் போட்டிக்கும் வருவேன். அண்ணா, நீங்களும் டெட்ராய்ட் பக்கம்தானே? காலை கோர்ஸ் வாக்கில் கூட நடப்பீர்களா?

பழைய_சிவிக்:
என் கருத்து மாறவில்லை. ஏழு மணிக்கு வந்துவிடுகிறேன். இரண்டு தடவை நடக்க வேண்டும், நல்ல ஷூ போட்டுக்கொண்டு வா.