ப ம க ரி ஸ: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு வரைபடம்

பாளை பெரியப்பா, காலை 7.10
நீ அனுப்பிய மேற்கத்திய இசைக்குறிப்புப் படத்தை இரண்டு முறை பார்த்தேன், அம்மா. மெட்டு தெரிகிறது; ஆனால் சில சுரங்களுக்குத் தலையிலிருந்து நீளும் செங்குத்துக் கோடான தண்டே இல்லை, சிலவற்றின் தலை வெறும் வட்டமாக இருக்கிறது. பள்ளி பேண்டில் வாசித்த நாளிலும் இப்படி ஒரு தாளை நான் கண்டதில்லை.

நான், 7.24
வியன்னாவில் வாழ்ந்த ஹைன்ரிக் ஷெங்கர் 1932-இல் ஐந்து பகுப்பாய்வு வரைபடங்களை வெளியிட்டார், பெரியப்பா. என்னுடையது அந்த முறையில் வரைந்தது. இதில் சுரத்தின் வடிவம் கால அளவைக் குறிக்காது, மெட்டைத் தாங்குவதில் அதற்குள்ள கனத்தையே குறிக்கும். வெறும் வட்டம் அடித்தளச் சுரம்; தண்டில்லாதது அதைச் சுற்றி ஓடுவது.

டவுண் அத்தை, 7.31
இந்த மெட்டை ஏன் எடுத்தாய்?

நான், 7.40
1835-இல் எட்டயபுரத்தில் மறைந்த முத்துசுவாமி தீட்சிதர், இங்கிலாந்தின் அரச வாழ்த்து மெட்டுக்குத்தான் 'ஸந்ததம் பாஹிமாம்' என்ற வடமொழி வரிகளை அமைத்தார், அத்தை. மும்மூன்று எண்ணிக்கையில் 14 கட்டங்கள். ஏழாம் கட்டத்திலிருந்து பாடிப் பாருங்கள்: 'ப ப ப, ப ம க', அடுத்து 'ம ம ம, ம க ரி', பதினொன்றாம் கட்டத்தின் தொடக்கத்தில் 'க'. பிறகு பதின்மூன்றின் கடைசி எண்ணிக்கையில் 'ரி', பதினான்கில் 'ஸ'. இந்த ஐந்து படி இறக்கத்தைக் கண்ணுக்குக் காட்டவே வரைந்தேன்.

எட்டயபுரம் மாமா, 8.05
மருமகளே, நானும் இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளான மியூஸ்ஸ்கோரில் முயன்றேன். வெறும் வட்டச் சுரங்களை மேலே தண்டுகளைச் சேர்க்கும் ஒரே பிணைகோட்டால் இணைக்க அது விடவே இல்லை.

நான், 8.19
வெறும் வட்டத் தலை உள்ள அரைச் சுரமாக எழுதினால் பிணைகோடு வராது, மாமா. இறக்கத்தின் 'ப ம க ரி ஸ' ஐந்தையும் எட்டில் ஒரு பங்குச் சுரமாக முதல் குரலில் (ஒரே வரியில் தனித்தனியாக எழுதக்கூடிய அடுக்குகளில் முதலாவது) எழுதி, இணைத்த பிறகு பண்புகள் பலகையில் தலையின் வகையை மட்டும் அரைச் சுரமாக மாற்றுங்கள். மற்றவற்றை இரண்டாம் குரலில் எழுதித் தண்டை எடுத்துவிடுங்கள். இடையில் வரும் ஓய்வுக் குறிகளையும் கட்டக் கோடுகளையும் 'வி' விசையால் மறைத்தால் போதும். அழிக்கவே கூடாது, அழித்தால் சுரங்களின் இடம் குலைந்துவிடும். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்று வரை இடும் வளைகோட்டுக்கு 'எஸ்' விசை, அதை மேலும் கீழும் திருப்ப 'எக்ஸ்'.

பாளை பெரியப்பா, 8.47
வயலினில் வாசித்துப் பார்த்தேன். பதின்மூன்றாம் கட்டத்துத் 'த' தானே உச்சம்? அதற்கு ஏன் தண்டு இல்லை?

நான், 8.58
உயரமாக ஒலிப்பதாலேயே அதற்குக் கனம் வந்துவிடாது, பெரியப்பா. பன்னிரண்டின் முடிவில் மீண்டும் வரும் 'ப'வைத் தொட்டு எழும்பும் துணைச் சுரம் அது; உடனே 'ம க ரி' என்று இறங்கிவிடுகிறது.

பாளை பெரியப்பா, 9.15
அதை ஏற்கிறேன். ஆனால் முதல் ஆறு கட்டங்களை நீ முழுவதும் தண்டில்லாமல் விட்டது என் காதுக்கு ஒப்பவில்லை. முதல் கட்டத்தில் 'ஸ', மூன்றில் 'க', ஏழில் 'ப' என்று மெட்டு படியேறித்தானே அந்த இறக்கத்துக்கே வருகிறது?

நான், 9.22
அதை நான் கவனிக்கவே இல்லை, பெரியப்பா. அந்த 'ஸ'வுக்கும் 'க'வுக்கும் தண்டு வைத்து, 'ப' வரை ஒரு வளைகோடு இட்டு, மாலைக்குள் புதிய படத்தை அனுப்புகிறேன்.