ஒற்றை ஜாக் மட்டும் உள்ள மடிக்கணினியில் மூன்று பிளக் கொண்ட 5.1 ஸ்பீக்கரை இணைப்பது எப்படி?

தூறல் (கேள்வி):

வணக்கம். மேசைக் கணினியோடு பல ஆண்டுகள் பயன்படுத்திய 5.1 ஸ்பீக்கர் தொகுப்பு ஒன்று என்னிடம் இருக்கிறது. ஐந்து ஸ்பீக்கர்களும் அடித்தொனிக்கான சப்வூஃபர் பெட்டியும் கொண்டது; அந்தப் பெட்டிக்குள்ளேயே ஆம்ப்ளிஃபையர் உள்ள வகை. பெட்டியிலிருந்து பச்சை, கறுப்பு, ஆரஞ்சு என மூன்று 3.5 மி.மீ. பிளக்குகள் வெளியே வருகின்றன. ஆப்டிகல், எச்டிஎம்ஐ, ப்ளூடூத் என்று வேறு எந்த உள்ளீடும் கிடையாது. இப்போது மடிக்கணினிக்கு மாறிவிட்டேன். அதில் ஹெட்செட் படம் போட்ட ஒரே ஒரு 3.5 மி.மீ. ஜாக், இரண்டு யூஎஸ்பி-சி, ஒரு சாதாரண யூஎஸ்பி, ஒரு எச்டிஎம்ஐ ஆகியவை மட்டுமே உள்ளன.

பச்சை பிளக்கை மட்டும் செருகினால் முன்பக்க ஸ்பீக்கர்கள் இரண்டும் ஒலிக்கின்றன, மற்றவை மௌனமாக இருக்கின்றன. ஒரு ஜாக்கை மூன்றாகப் பிரிக்கும் இணைப்பானில் மூன்று பிளக்குகளையும் செருகியபோது எல்லா ஸ்பீக்கர்களும் ஒலித்தன. ஆனால் படம் பார்க்கும்போது உரையாடலுக்கென உள்ள நடு ஸ்பீக்கரில் இடப்பக்க ஒலி மட்டுமே வருகிறது. இதைவிட விசித்திரமானது என்னவென்றால், சில சமயம் அந்த இணைப்பான் சற்று அசைந்தால் பாடகரின் குரல் ஏறக்குறைய மறைந்துபோய், பின்னணி இசை மட்டும் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கிறது. கைபேசியோடு வந்த யூஎஸ்பி-சி ஹெட்போன் அடாப்டரையும் செருகிப் பார்த்தேன். மடிக்கணினி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. இவை போதாதென்று, சார்ஜர் இணைந்திருக்கும்போது மெல்லிய உறுமல் ஒன்றும் கேட்கிறது.

இந்தத் தொகுப்பிலிருந்து உண்மையான 5.1 ஒலியைப் பெற வழி உண்டா, அல்லது ஸ்பீக்கரையே மாற்றுவதுதான் முடிவா என்று அறிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும். விண்டோஸ் பயன்படுத்துகிறேன்.

கம்பிச்சுருள்:

நண்பர் தூறல், ஸ்பீக்கரை மாற்ற வேண்டியதில்லை. பிளக் ஜாக்கினுள் பொருந்திவிடுவதால் இரண்டும் ஒத்துப்போகும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால் 3.5 மி.மீ. என்பது துளையின் விட்டம் மட்டுமே. அந்தத் துளைக்குப் பின்னால் எத்தனை தடங்கள் (தனித்தனி ஒலி வழிகள்) இருக்கின்றன என்பதை அது சொல்வதில்லை.

உங்கள் பழைய கணினியின் மதர்போர்டில் மூன்று தனித்தனி வெளியீடுகள் இருந்தன. ஒவ்வொன்றும் இரண்டு தடங்களைச் சுமந்ததால் மொத்தம் ஆறு தடங்கள் வெளியே வந்தன. பச்சை முன்பக்க இடம், வலம். கறுப்பு பின்பக்க இடம், வலம். ஆரஞ்சில் பிளக்கின் முனை நடு ஸ்பீக்கருக்கும் அதை அடுத்த வளையம் சப்வூஃபருக்கும் உரியவை. (ஒலி வெளியீட்டுக்குப் பச்சை என்பது இன்டெலும் மைக்ரோசாஃப்டும் வெளியிட்ட பிசி 99 வழிகாட்டியில் வகுக்கப்பட்டது.) மடிக்கணினியில் இருப்பதோ நான்கு தொடுமுனைகள் கொண்ட கூட்டு ஜாக். அவற்றுள் இடம், வலம் என இரண்டு வெளியீடு, ஒன்று எர்த், மற்றொன்று மைக்கிற்கான உள்ளீடு. ஆகவே எந்தக் கேபிளைப் போட்டாலும் இரண்டுக்கு மேல் ஒரு தடம்கூட அங்கிருந்து வராது.

பிரிக்கும் இணைப்பான் செய்தது இதுதான்: அதே இடத் தடத்தை முன் இடத்துக்கும் பின் இடத்துக்கும் நடுவுக்கும் அனுப்பியது, அதே வலத் தடத்தை முன் வலத்துக்கும் பின் வலத்துக்கும் சப்வூஃபருக்கும் அனுப்பியது. நடு ஸ்பீக்கரில் இடப்பக்க ஒலி கேட்பதன் காரணம் அதுவே. இதனால் எதுவும் கெட்டுவிடாது, ஏனெனில் ஆம்ப்ளிஃபையர் உள்ள ஸ்பீக்கர்களின் உள்ளீட்டு மின்தடை ஆயிரக்கணக்கான ஓம் என்பதால், மூன்றை ஒன்றாகச் சேர்த்தாலும் ஹெட்போன் வெளியீட்டுக்கு அது ஒரு சுமையே அல்ல. ஆனால் இதற்கு நேர்மாறாக, இட வலத் தடங்களின் வெளியீடுகளையே ஒரு கம்பியால் நேரடியாகச் சேர்த்துவிடாதீர்கள். அங்கே இரண்டு ஆம்ப்ளிஃபையர்கள் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கத் தொடங்கும்.

குரல் மறைவது எர்த் தொடர்பு விட்டுப்போவதன் அடையாளம். பாடகரின் குரலைப் பெரும்பாலும் இரு தடங்களிலும் சம அளவில்தான் வைப்பார்கள். எர்த் இல்லாதபோது மின்னோட்டம் திரும்பிச் செல்ல மற்றத் தடத்தைத் தவிர வேறு வழி இல்லாததால், ஸ்பீக்கருக்கு இடத்துக்கும் வலத்துக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே போய்ச் சேருகிறது. இரண்டிலும் பொதுவாக உள்ள குரல் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. பிளக்கின் பிளாஸ்டிக் கழுத்து தடிமனாக இருந்து, மடிக்கணினியின் ஓரமோ அதன் மேலுறையோ தடுப்பதால் அது முழுவதும் உள்ளே இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

உங்களுக்குத் தேவை யூஎஸ்பியில் இணையும் ஆறு தட வெளிப்புறச் சவுண்ட் கார்டு. ஆறு தடங்களை யூஎஸ்பி தாங்குமா என்று ஐயம் வேண்டாம். 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஆறு தடங்களுக்கு நொடிக்கு ஏறத்தாழ 4.6 மெகாபிட் போதும். மிகப் பழைய யூஎஸ்பி 1.1-இன் வேகமே 12 மெகாபிட். ஆனால் வாங்கும்போது பெட்டியின் மேல் "7.1" என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். கட்டை விரல் அளவுள்ள பல சவுண்ட் கார்டுகளில் அப்படி எழுதியிருந்தும் ஒலி வெளியீட்டு ஜாக் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அது மென்பொருள் வழியாக ஹெட்போனில் சூழொலி போன்ற உணர்வை உண்டாக்குவதற்கானது. மைக், லைன் இன் ஆகியவற்றைக் கணக்கில் சேர்க்காமல், ஒலி வெளியீட்டுக்கென்றே குறைந்தது மூன்று துளைகள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள்.

பழைய பெருக்கி:

கம்பிச்சுருள் சொன்னதோடு உடன்படுகிறேன். அவர் தொடாமல் விட்ட யூஎஸ்பி-சி அடாப்டர் பற்றியும் எச்டிஎம்ஐ பற்றியும் சில செய்திகள்.

பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் யூஎஸ்பி-சி ஹெட்போன் அடாப்டர்களில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் உள்ளே எந்தச் சிப்பும் இல்லை, கம்பி மட்டுமே. கைபேசி தனக்குள்ளேயே அனலாக் ஒலியை உருவாக்கி, வழக்கமாகத் தரவு செல்லும் முனைகளின் வழியே அதை வெளியே அனுப்ப, அடாப்டர் அதை 3.5 மி.மீ. துளைக்குக் கடத்திவிடுகிறது. இந்த ஏற்பாட்டை ஆதரிக்கும் மடிக்கணினிகள் அரிது. மற்ற வகையில் டிஜிட்டலை அனலாக்காக மாற்றும் சிறிய சிப் அடாப்டருக்குள்ளேயே இருக்கும். அதைச் செருகியவுடன் ஒலிச் சாதனங்களின் பட்டியலில் புதிய பெயர் ஒன்று தோன்றும். உங்களுடையதைச் செருகியபோது எதுவும் தோன்றாததால் அது முதல் வகையாகவே இருக்கக்கூடும். இரண்டாம் வகையை வாங்கினாலும் கிடைப்பது இரண்டு தடங்கள்தான் என்பதால், உங்கள் தேவைக்கு அதில் பணத்தைப் போட வேண்டாம்.

எச்டிஎம்ஐ வழியாக எட்டுத் தடங்கள் வரை சுருக்கப்படாத ஒலியை அனுப்ப முடியும்; அதிலிருந்து ஒலியைப் பிரித்தெடுக்கும் பெட்டிகளும் கிடைக்கின்றன. ஆனால் அவற்றுள் பல, ஸ்டீரியோவை மட்டுமே அனலாக்காக வெளியிட்டு, மற்றதை ஆப்டிகல் (டிஜிட்டல் ஒலியை ஒளியாக அனுப்பும்) வெளியீட்டுக்குத் தள்ளிவிடும். ஆப்டிகலிலோ சுருக்கப்படாத ஒலி என்றால் இரண்டு தடங்களே செல்லும், 5.1 வேண்டுமென்றால் டால்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ் வடிவில் சுருக்கி அனுப்பி, மறுமுனையில் ஒரு டிகோடர் அதைப் பிரிக்க வேண்டும். உங்கள் தொகுப்பில் டிகோடர் இல்லை. மூன்று 3.5 மி.மீ. அல்லது ஆறு ஆர்சிஏ (சிவப்பு, வெள்ளை வட்டப் பிளக் செருகும் வகை) வெளியீடுகள் கொண்ட பிரிப்பான் கிடைத்தால் மட்டுமே அந்த வழி பயன்படும். அப்போதும் அதன் பக்கவாட்டில் உள்ள சிறு சுவிட்ச் 5.1 நிலையில் இருக்க வேண்டும். அது இரண்டு தட நிலையில் இருந்தால், பெட்டி தன்னை ஸ்டீரியோ சாதனம் என்றே மடிக்கணினியிடம் அறிவித்துக்கொள்ளும். பிறகு விண்டோஸில் எவ்வளவு தேடினாலும் 5.1 என்ற தெரிவு தோன்றாது. இத்தனை தொல்லைகளை எண்ணிப் பார்த்தால் யூஎஸ்பி கார்டே மேல்.

செங்காந்தள்:

இடையில் ஒரு சிறு ஐயம். என்னிடம் உள்ள இரண்டு ஸ்பீக்கர்களின் பின்னால் பிளக்கே இல்லை. சிவப்பு, கறுப்பு எனக் கம்பி செருகும் பிடிகள் மட்டுமே உள்ளன. அந்தக் கம்பிகளை 3.5 மி.மீ. பிளக்கில் சால்டர் செய்து மடிக்கணினியில் செருகலாமா?

பழைய பெருக்கி:

வேண்டாம். உங்களுடையவை ஆம்ப்ளிஃபையர் இல்லாத ஸ்பீக்கர்கள். அவற்றின் மின்தடை பொதுவாக 4 முதல் 8 ஓம் வரை இருக்கும். மடிக்கணினியின் ஜாக் 16 அல்லது 32 ஓம் ஹெட்போன்களை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டது; அதிலிருந்து கிடைப்பது சில பத்து மில்லிவாட் அளவுக்குத்தான். கேட்டும் கேட்காத ஒலி வரும், ஜாக்கின் பின்னாலுள்ள சுற்றுக்கும் தேவையற்ற சுமை. இடையில் சிறிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் ஒன்றை வைத்தால் போதும். அதன் உள்ளீட்டுக்கு 3.5 மி.மீ.-இலிருந்து ஆர்சிஏ கேபிள் ஒன்று தேவைப்படலாம்.

இரவுப்பறவை:

நண்பர் தூறல் சார்ஜர் உறுமலைப் பற்றிக் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. புதிய கார்டு வாங்கினால் அது தானாகப் போய்விடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும், ஏனெனில் யூஎஸ்பி கேபிளிலும் எர்த் கம்பி இருக்கிறது.

சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் மட்டும் ஓடவிட்டுக் கேளுங்கள். உறுமல் உடனே நின்றால், சார்ஜர், மடிக்கணினி, ஒலிக் கேபிள், ஸ்பீக்கரின் மின் இணைப்பு ஆகியவை சேர்ந்து ஒரு வளையமாகி, அதன் வழியே ஒலியோடு தொடர்பில்லாத மின்னோட்டம் ஓடுகிறது என்று பொருள். முதலில் சார்ஜரையும் ஸ்பீக்கரையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் செருகிப் பாருங்கள். பல இடங்களில் இதுவே உறுமலைக் கணிசமாகக் குறைத்துவிடும். போகவில்லையென்றால், ஒலிக் கேபிளின் இடையே வைக்கும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சிறு பெட்டி இருக்கிறது. அதற்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர்கள் இரு பக்கத்துக்கும் இடையே நேரடிக் கம்பித் தொடர்பு இல்லாமல் ஒலியை மட்டும் கடத்துகின்றன. ஆனால் உங்களிடம் மூன்று பிளக்குகள் இருப்பதால் மூன்றுக்கும் தனித்தனியாக வைக்க வேண்டியிருக்கும், மலிவானவை அடித்தொனியையும் சற்றுக் குறைத்துவிடும். ஆகவே யூஎஸ்பி கேபிளிலேயே வைக்கும் ஐசொலேட்டர் உங்களுக்குப் பொருத்தமாக இருக்கும். உறுமலைப் போக்குவதற்காக மூன்று முனைப் பிளக்கின் எர்த் முனையை உடைப்பதோ, அதை மறைக்கும் அடாப்டரைப் போடுவதோ கூடவே கூடாது. அது உயிரைக் காக்க வைத்த கம்பி.

மற்றொன்றையும் சொல்லிவிடுகிறேன். பாட்டுக் கேட்பதுதான் முக்கிய நோக்கம் என்றால் 5.1-க்காக இவ்வளவு பாடுபடத் தேவையில்லை என்பது என் எண்ணம், ஏனென்றால் பெரும்பாலான இசைப்பதிவுகள் இரண்டு தடங்களில்தான் இருக்கின்றன. முன்பக்க ஸ்பீக்கர்கள் இரண்டும் சப்வூஃபரும் ஒலித்தாலே அவற்றுக்குப் போதும். படங்கள்தான் உங்கள் நோக்கம் என்றால் கார்டு வாங்குவது தகும்.

தூறல்:

அனைவருக்கும் நன்றி. மேலுறையைக் கழற்றியதும் பிளக் முழுவதும் உள்ளே இறங்கியது. குரல் மறைவது நின்றுவிட்டது. சார்ஜரைக் கழற்றினால் உறுமலும் நிற்கிறது, ஒரே ஸ்ட்ரிப்பில் செருகியபின் அதைத் தேடித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. படங்களுக்காகவே கேட்டேன் என்பதால் மூன்று வெளியீடுகள் உள்ள யூஎஸ்பி கார்டு ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கி இணைத்தேன். ஆறு ஸ்பீக்கர்களும் ஒலிக்கின்றன, ஆனால் உரையாடல் சப்வூஃபரில் முணுமுணுப்பாகவும், வெடிச்சத்தத்தின் அடித்தொனி நடு ஸ்பீக்கரில் கரகரப்பாகவும் வருகின்றன. தவிர, உலாவியில் எதைப் பார்த்தாலும் முன்பக்கம் மட்டுமே ஒலிக்கிறது.

கம்பிச்சுருள்:

முதலாவது எளிதில் தீரும். ஆரஞ்சு பிளக்கில் நடு, சப்வூஃபர் ஆகிய இரண்டின் இடங்களைச் சில தயாரிப்பாளர்கள் மாற்றி வைத்திருக்கிறார்கள். கார்டின் டிரைவரோடு வரும் மென்பொருளில் இவ்விரண்டையும் இடம் மாற்றும் தெரிவு இருந்தால் அதை இயக்குங்கள். இல்லையென்றால், ஒரு பக்கம் சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ பிளக்குகளாகப் பிரியும் கேபிள்கள் இரண்டை எடுத்து, நடுவில் அவற்றை நிறம் மாற்றி இணைத்தால் அதே வேலை நடந்துவிடும். பழைய கண்ட்ரோல் பேனலின் சவுண்ட் பகுதிக்குச் சென்று, யூஎஸ்பி கார்டைத் தேர்ந்து, கான்ஃபிகர் என்பதை அழுத்தி 5.1 என அமைத்து, ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சோதனை ஒலியை எழுப்பிச் சரிபாருங்கள். படத்தை ஓடவிட்டுச் சோதிப்பதைவிட இது நம்பகமானது.

இரண்டாவது உங்கள் இணைப்பின் குறை அல்ல. உலாவியில் ஓடும் காணொளிகள் பெரும்பாலும் ஸ்டீரியோவாகவே வந்து சேர்கின்றன. ஸ்டீரியோ ஒலி 5.1 தொகுப்பில் முன்பக்கம் மட்டும் கேட்பதுதான் முறை. ஆறு தட ஒலி உள்ள ஒரு படக் கோப்பைத் தனிப் பிளேயரில் திறந்து, அதன் ஒலி அமைப்பில் தடங்களை இரண்டாகக் குறைக்கும் தெரிவு அணைந்திருப்பதை உறுதிசெய்துகொண்டு கேட்டுப் பாருங்கள். ஸ்டீரியோ ஒலியும் எல்லா ஸ்பீக்கர்களிலும் வேண்டுமென்றால், ஸ்பீக்கர் ஃபில் என்ற வசதி உங்கள் கார்டின் மென்பொருளில் இருக்கிறதா என்று தேடுங்கள். படம் பார்க்கும்போது மட்டும் அதை அணைத்துவிடுங்கள்.