மாஞ்ச்வெல் பக்கம் மேட்டுல ஏறுற இந்தப் பள்ளம் எதுக்கு?

வெண்ணாறு:
வணக்கம். இங்கிலாந்துல வாலிங்ஃபோர்டுக்குக் குடிவந்து ரெண்டு வருஷம் ஆச்சு. இப்போ ஊர்லேருந்து அப்பா வந்திருக்கார். நீடாமங்கலம் பக்கம் நாப்பது வருஷம் வெள்ளாமை பார்த்தவர், வீட்டுக்குள்ள உக்கார வைக்க முடியல. போன ஞாயித்துக்கிழமை மாஞ்ச்வெல்லேருந்து ரிட்ஜ்வே நடைபாதையில நஃப்ஃபீல்ட் வரைக்கும் நடந்தோம். வழி நெடுக ஒரு மண்கரை கூடவே வருது, அதை ஒட்டி ஒரு பள்ளம். சில இடத்துல தூர்ந்துபோய் வரப்பு அளவுக்குத்தான் இருக்கு. இன்னொரு இடத்துல நான் பள்ளத்துல இறங்கி நின்னா, கரைமேல நிக்கிற அப்பாவோட ஷூ என் கண்ணுக்கு நேரா இருந்துது.

நான் பழைய வாய்க்காலா இருக்கும்னு சொன்னேன். அப்பா சிரிச்சுட்டார். "வாய்க்கால்னா வாட்டம் பார்த்து வெட்டணும்டா. இது ஆத்தங்கரையிலேருந்து நேரா மேட்டுல ஏறுது. தண்ணி ஏறுமா?"

ஆர்டனன்ஸ் சர்வேயோட (இங்க அரசாங்க நில அளவைத் துறை) 171ஆம் நம்பர் வரைபடத்துல 'கிரிம்ஸ் டிட்ச்'னு பழங்காலத்து எழுத்துல போட்டிருக்கு. யார் வெட்டினது? கோட்டை அகழியா? அப்பாவோட கேள்வி வேற: "இந்தப் பக்கம் யார் நிலம், அந்தப் பக்கம் யார் நிலம்?"

சுண்ணாம்புக்காடு:
உங்கள் அப்பா பாதி விடையைச் சொல்லிவிட்டார். இது தண்ணீருக்காக வெட்டியதல்ல, எல்லைக்காக வெட்டியது. இரும்புக்காலத்தின் பிற்பகுதி என்று பொதுவாகச் சொல்கிறார்கள், அதாவது ரோமானியர் கி.பி. 43இல் படையெடுத்து வருவதற்கு முந்தைய சில தலைமுறைகள். வரைபடத்தில் அந்தக் கோணல்மாணல் எழுத்து இருந்தாலே தொல்பொருள் என்று அர்த்தம். ரோமானியருடையது அல்லாத பழஞ்சின்னங்களுக்கு அந்த எழுத்தைப் போடுவது ஆர்டனன்ஸ் சர்வேயின் வழக்கம்.

கோட்டை அகழி என்று எனக்குத் தோன்றவில்லை. மைல் கணக்கில் போகும் கரையைக் காவல் காக்க எத்தனை ஆள் வேண்டும்? ஆனால் மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறவனையும் வண்டிக்காரனையும் இப்படியொரு பள்ளம் கண்டிப்பாகத் தடுக்கும். குறைந்தபட்சம் யோசிக்க வைக்கும்.

வீட்டுக்குப் போய் வரைபடத்தை விரித்து தேம்ஸ் நதியை விரலால் தடவிப் பாருங்கள். வாலிங்ஃபோர்டிலிருந்து தெற்கே கோரிங், அப்புறம் ரெடிங், பிறகு வடக்கே திரும்பி ஹென்லி. பெரிய வளையம். உங்கள் பள்ளம் மாஞ்ச்வெல்லில் நதிக்கரையில் தொடங்கி, அந்த வளையத்தின் குறுக்கே ஹென்லி பக்கமாகப் போகிறது. மூன்று பக்கம் ஆறு, நாலாவது பக்கம் மண்கரை, கோணிப்பையின் வாயைச் சுருக்குப் போட்ட மாதிரி. இதைப் பார்த்த பிறகு வெறும் வயல் வரப்பு என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. ஒரு கூட்டத்தார் 'இதற்குத் தெற்கே எங்களுடையது' என்று சொன்னதாகத்தான் படுகிறது. அப்பாவின் கேள்விக்கு என் பதில் இதுதான். ஆள் பெயரைக் கேட்காதீர்கள்.

இன்னொன்று. கீழே மாஞ்ச்வெல் பக்கம் தரை சுண்ணாம்புப் பாறை. புதிதாக வெட்டியபோது கரை வெள்ளைவெளேர் என்று கோடு போட்ட மாதிரி தூரத்திலிருந்தே தெரிந்திருக்கும். அந்த மண்ணில் நத்தை ஓடுகளும் கெடாமல் கிடைக்கும், கடுகளவுதான் இருக்கும். இது மாதிரிப் பள்ளங்களின் அடிமண்ணைச் சலித்து, கிடைக்கும் நத்தை நிழலில் வாழும் இனமா வெயில் புல்வெளி இனமா என்று பார்த்தே, அந்த இடம் அப்போது காடா வெட்டவெளியா என்று சொல்லிவிடுகிறார்கள். நஃப்ஃபீல்ட் உச்சியில் களிமண்ணும் சிக்கிமுக்கிக் கல்லும்தான், அங்கே அந்த வேலை நடக்காது.

பூவரசி:
பேரைப் பத்தி யாரும் சொல்லலையே. கிரிம்ங்கிறது ஆங்கிலோ-சாக்சன்காரங்க கும்பிட்ட வோடன் சாமியோட பட்டப்பேரு, 'முகமூடிக்காரன்'னு அர்த்தம். வெட்னஸ்டே வோடனோட நாள்தான், நம்ம புதன்கிழமை. ரோமானியருக்கு அப்புறம் குடியேறின அந்த ஆங்கிலோ-சாக்சன்காரங்க வந்து பார்த்தப்போ இதை வெட்டினவங்க யாருன்னு சொல்ல ஆளில்லை, அதனால சாமி கணக்குல எழுதிட்டாங்க. மலைக்குகையில சமணர் வெட்டின கல்படுக்கையை நம்ம ஊர்ல பஞ்சபாண்டவர் படுக்கைன்னு சொல்லலையா? அதே கதைதான்.

அதே பேர்ல பெர்க்ஷயர் மேட்டுநிலத்துல ஒண்ணு, பக்கிங்ஹாம்ஷயர்ல ஒண்ணு, பிளெனிம் அரண்மனைப் பக்கம் ஒண்ணுன்னு தனித்தனியா இருக்கு. எல்லாம் ஒரே பள்ளம்னு நினைச்சு நான் ஒரு தடவை கோடு போட்டு இணைக்கப் பார்த்து ஒரு சனிக்கிழமையைத் தொலைச்சேன். இணையாது. வேல்ஸ் எல்லையில இருக்கிற ஆஃபா மன்னரோட கரையையும் இதோட சேர்க்காதீங்க, அது 8ஆம் நூற்றாண்டு.

வெண்ணாறு:
ரெண்டு பேருக்கும் நன்றி. சமையல்கட்டு மேசையில வரைபடத்தை விரிச்சு அப்பாவுக்குக் காட்டினேன். ஆத்தோட வளையத்தைப் பார்த்துட்டு ரொம்ப நேரம் பேசல. அப்புறம் கேட்டார்: "வெறும் மண்கரைன்னா மாடு ஏறிடுமே. மேல முள்ளு போட்டிருப்பானே?"

சுண்ணாம்புக்காடு:
நல்ல கேள்வி. இதே மாதிரியான வேறு சில கரைகளில் மரக்கம்பு நட்டு வேலி போட்ட தடம் தோண்டலில் கிடைத்திருக்கிறது. முள்ளுக்குத் தடயம் நிற்காது, மக்கிப் போய்விடும். அப்பா சொல்வது போல் இருந்திருக்கலாம்.

தகரடப்பா:
ஒரு எச்சரிக்கை. சகோ, மெட்டல் டிடெக்டர் எதுவும் எடுத்துட்டுப் போயிடாதீங்க. இது மாதிரிக் கரைகள் நிறைய பாதுகாக்கப்பட்ட சின்னம். அங்க அனுமதி இல்லாம அதைப் பயன்படுத்தினாலே 1979 தொல்சின்னச் சட்டப்படி குற்றம், தோண்டணும்னுகூட இல்லை. தரையோட மேடு பள்ளம் பார்க்கணும்னா என்விரான்மென்ட் ஏஜென்சிங்கிற அரசு அமைப்போட லைடார் படம் இலவசமாவே கிடைக்குது. விமானத்துலேருந்து லேசர் அடிச்சு, மரத்தையெல்லாம் கழிச்சுட்டு தரையை மட்டும் காட்டும். உழுது தட்டையான இடத்துலகூட சில சமயம் கரையோட நிழல் தெரியும்.

வெண்ணாறு:
லைடார் பார்த்தோம். காட்டுக்குள்ள கத்தியால கீறின மாதிரி தெரியுது. அடுத்த ஞாயித்துக்கிழமை மறுபடியும் போறோம், இந்தத் தடவை ஹென்லி பக்கத்துலேருந்து. கரை எங்க முடியுதுன்னு பார்க்காம ஊருக்கு டிக்கெட் போடக்கூடாதாம், அப்பா உத்தரவு.